பாதிக் கோட்டை

என் தங்கை கணவர் முப்பது வருடமாக மலைக்கோட்டையில் வழிகாட்டி. கூட வேலை செய்யும் வழிகாட்டிகள் அவருக்கு வைத்த பெயர் மூச்சு வாத்தியார். படிக்கட்டில் எந்த இடத்தில் ஜனங்களுக்கு இரைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அங்கேதான் நின்று கதை சொல்வார். கேட்டவர்கள் கதைக்காக நின்றதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

பக்கவாதம் வந்து மூன்று மாதத்தில் கால் தேறியது, பேச்சும் திரும்பியது. ஆனால் தட்டின் வலப்பாதியை மட்டும் காலி செய்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். பாதி முகத்துக்குத்தான் சவரம். கண்ணில் கோளாறில்லை, மூளை இடப்பக்கத்தைச் சட்டை செய்வதில்லை. நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்தவள் நான், இப்படி நாலு பேரைப் பார்த்திருக்கிறேன். தங்கை அழுதாள். நான் தட்டைத் திருப்பி வைத்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டார்.

சுற்றுலா அலுவலகம் சோதனை வைத்தது. கோட்டையின் பன்னிரண்டு இடங்களையும் காட்ட வேண்டும். ஒன்று விட்டாலும் இனி டிக்கெட் கவுண்டர்தான்.

"கூண்டுக்குள்ள உட்கார்ந்து சீட்டு கிழிக்கவாக்கா? அதுக்கு அந்த வாதம் என்னை மொத்தமா படுக்க வச்சிருக்கலாம்."

"படுத்திருந்தா நான்தானே துடைச்சுவிடணும்? செருப்பை மாட்டுங்க மாப்பிள்ளை."

இடக்கையைப் பிடித்துக்கொண்டு ஒத்திகைக்கு ஏறினேன். ஏழு இடம் சொன்னார். இடப்பக்கத்துக் குளம், பீரங்கி மேடை, சிறை என்று ஐந்தைக் காணோம். உச்சியில் அதைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதான், முடிஞ்சது."

எழுப்பி இறக்கிக் கூட்டி வந்தேன். நாலு வளைவு தாண்டியதும் நின்றார்.

"அட, குளம்! இதை எப்படிக்கா விட்டேன்?"

இறங்கும்போது குளம் வலப்பக்கம். தட்டைத் திருப்பத் தெரிந்த எனக்கு ஆளைத் திருப்பத் தோன்றவில்லை, பாருங்கள்.

சோதனையன்று ஏறும்போது ஏழுதான். உச்சியில் அதிகாரி பேனாவை மூடினார்.

"அஞ்சு விட்டுட்டீங்களே?"

"விடல சார். எல்லாத்தையும் ஏறும்போதே காட்டிட்டா, இறங்கும்போது எல்லாரும் போனைத்தான் பார்ப்பாங்க. வாங்க."

இறங்கும்போது ஐந்தும் வந்தன, குளம் முதலாக. அதிகாரி கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு: இடக்கையைப் பிடிக்க ஒருவர் கூடவே போக வேண்டும்.

"எங்க அக்கா வருவாங்க" என்றார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

போகிறேன். நூற்றுப்பத்தாவது படியில் எனக்கு மூச்சு வாங்கும். அங்கே முன்பு கதை எதுவும் கிடையாது. இப்போது ஒன்று இருக்கிறது.