சூசைமுத்து ஐயா எழுதாமல் விட்ட பெயர்

மஸ்கெலியா பஸ் கண்டக்டர் எங்கள் அச்சகத்து வாசலில் நின்று, "கணக்கப்புள்ள சூசைமுத்து ஐயா போயிட்டாருங்க. டிக்கோயா ஆஸ்பத்திரியில, விடியக்காலம்" என்று சொன்னபோது நான் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். ஒரே ஒரு விஷயத்தில் அவரை ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்று இத்தனை வருடம் மன்றாடினேன். மனுஷன் பிடி கொடுக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஹட்டனில் பேக்கரிக்கு மேல்மாடியில் அவர் நடத்திய தேர்தல் நூலகத்தை உங்களில் பலர் அறிவீர்கள். கல்லுமலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், கையிலிருந்ததையெல்லாம் அந்த அறையில் கொட்டினார். பழைய வாக்காளர் பட்டியல்கள், தேர்தல் சட்டங்கள், எந்த நாட்டில் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்று சொல்லும் புத்தகங்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு அரசாங்கம் தோட்டத்துச் சனங்களின் வாக்குரிமையைப் பறித்த பிறகு திறந்த நூலகம் அது. "மொட்டத் தலையனுக்கு எதுக்குய்யா சீப்பு?" என்று ஊரே கேட்டது. "முடி வளர்றப்ப சீப்பு தேடி ஓடக் கூடாதுல்ல" என்பார்.

சரி, பெரிய மனசுதான். ஆனால் அங்கே உறுப்பினராக இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு. தேநீர்க் கேத்தல் வாங்குவதா, நாற்காலி வாங்குவதா, விளக்கு வாங்குவதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரும் ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசை போட்டோம். கேத்தலுக்கு ஐந்து, நாற்காலிக்கு நாலு, விளக்குக்கு இரண்டு. விளக்கைத் தள்ளிவிட்டு, அந்த இரண்டு பேருடைய அடுத்த விருப்பத்தைப் பார்த்தார். இரண்டும் நாற்காலி. நாற்காலி ஜெயித்தது! "பாத்தீங்களா, எவ்வளவு அழகா விழுகுது!" என்று பூரித்துப் போனார். அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் தேநீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த வாக்கெடுப்புக்கான சீட்டை நான் அச்சடித்துக் கொடுத்தேன். கட்டத்தின் கோடு ஒரு மயிரிழை கோணல் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

என் குடியுரிமை விசாரணைக்கு நாள் வந்தது. எங்கள் குடும்பம் இங்கேயே வாழ்ந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தவறினால், நான் கண்ணால் காணாத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். கல்லுமலைத் தோட்டத்துப் பழைய வாக்காளர் பட்டியலில் அப்பா பெயர் இருந்தது. அந்தப் பட்டியல் ஐயாவின் அலமாரியில் இருந்தது. ஒரு நாளைக்குத் தாருங்கள் என்று கேட்டேன்.

"நூலகப் பொருள் நூலகத்த விட்டுப் போகக் கூடாது, பெருமாளு. விதி. வேணும்னா ஓட்டுக்கு விடலாம்."

விட்டார். என் விஷயம் என்பதால் எனக்கு ஓட்டு இல்லை. பத்துப் பேரில் ஏழு பேர் சம்மதிக்க வேண்டும். ஆறு விழுந்தது. முன்பு இதேபோல் அனுமதி வாங்கி யாரோ கொண்டுபோன சட்டப் புத்தகம் கருவாட்டுக் கறையோடு திரும்பி வந்ததை மறக்காத நாலு பேர் மறுத்தார்கள். அந்த நாலில் ஒன்று அவருடையது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். கேட்டதற்கு, "ஓட்டு ரகசியம், தம்பி" என்றார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

மறுநாள் காலை விசாரணைக் கந்தோர் விறாந்தையில், அதிகாரியின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ஐயா வருகிறார். தலையில் தகரப்பெட்டி, கக்கத்தில் நூலகத்தின் பெயர்ப்பலகை! பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார், பெட்டியைத் திறந்தார். அதிகாரி எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

"நூலகமுங்க தொரை. இன்னைக்கு இங்கதான் நடக்குது. பட்டியல் வெளிய போகல."

அதிகாரி சிரித்துவிட்டார். அப்பா பெயரையும் நாங்கள் குடியிருந்த லயத்து எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "ஒங்களுக்கு என்னாச்சுங்க?" என்றேன். நிராகரிப்பு என்று எழுதிய கோப்பிலிருந்து தன்னுடைய கடிதத்தை எடுத்துக் காட்டினார். அதற்கும் எண் போட்டு வைத்திருந்தார்! அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பட்டியலுக்கு லயம் லயமாகப் போய்ப் பெயர் எழுதியவரே அவர்தான். எல்லாரையும் எழுதி முடித்துத் தன் பெயரைக் கடைசியில் எழுத நினைத்திருக்கிறார். அதற்குள் தேர்தல் கந்தோர் ஆட்கள் பெயர் எழுதிய கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "பந்தி பரிமாறுறவன் தனக்கு மொத எலை போட்டுக்குவானா?" என்றார். அடக் கடவுளே!

அந்தப் பட்டியலில் எங்கள் தோட்டத்துப் பெயர்களுக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அது அச்சான அதே பழைய ஆங்கில அச்செழுத்து எங்கள் அச்சகத்திலும் இருந்தது. அந்த இடத்தில் அச்சடித்துவிடலாம் என்று அவர் பெயர், தோட்டம், வீடு என ஒரு வரி கோத்து, மாதிரிப் படி எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருந்தது.

காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "இதுக்குப் பேரு கள்ள ஓட்டு."

"ஒங்க பேரு அதுல இருக்க வேண்டிய பேருதானேய்யா!"

"இருக்க வேண்டியது வேற, இருக்கறது வேற. இதுல ஒரு வரி பொய்யின்னா, ஒங்கப்பா வரிய எவன் நம்புவான்?"

படியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். பிறகும் வருடக்கணக்கில் கேட்டுப் பார்த்தேன், அதே கேள்வியைத்தான் திருப்பிப் போட்டார். அதுதான் எரிச்சல்.

நான் முதல் தடவை ஓட்டுப் போடப் போன நாளில் பள்ளிக்கூட வாசல் வரை கூட வந்தார். மழையில் குடையோடு வெளியே நின்றார். நான் திரும்பி வந்ததும் யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை. "ஓட்டுப் போடுற பென்சில நல்லா சீவி வச்சிருந்தாங்களா?" என்றுதான் கேட்டார். அவர் குடைக்குள் நுழைந்துகொண்டேன். "சீவியிருந்தாங்கய்யா" என்றேன்.

அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போய்விட்டது. நூலகத்தை என்ன செய்வது என்று வரும் ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறோம். சீட்டு அச்சாகிவிட்டது. கட்டத்தின் கோட்டை மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஐயா பெயருக்காக அன்றைக்குக் கோத்த அந்த வரி நூல் கட்டியபடியே என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வேலை முடிந்த எழுத்தைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போடுவதுதான் எங்கள் தொழில் முறை. எழுத்துப் போதவில்லை, அதைப் பிரித்துப் போடு என்று முதலாளி நேற்றும் கத்தினார். பிரிக்க மாட்டேன். வேண்டுமானால் ஓட்டுக்கு விடட்டும்.