இடது கைச் சோறு

என் மனைவிக்குக் கைகால் விழுந்தபோது அவளுக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல். எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாலக்காட்டை அடுத்த நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விட்டிருந்த நேரம். காலையில் நான் மடையைத் திறந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரப் பெண் வரப்பில் ஓடி வந்தாள்.

"அண்ணா, வெரசா வாங்க. அண்ணி ஆட்டாங்கல்லுக்கிட்டயே சாஞ்சுட்டாங்க. வாயி ஒரு பக்கமாக் கோணிக்கிச்சு."

போய்ப் பார்த்தபோது கல்லில் மாவு பாதி அரைபட்டுக் கிடந்தது. அவள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துப் பேச முயன்றாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. முதலமடையிலிருந்து மாங்காய் ஏற்றி வந்த லாரியை நிறுத்தி, முன் சீட்டில் அவளை என்மேல் சாய்த்துக்கொண்டு பாலக்காட்டுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "பதுக்கெ சரியாவும்" என்றார் மலையாளத்தில். மெதுவாகச் சரியாகும் என்று. எது ஆகும், எது ஆகாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வலது கையும் வலது காலும் துணி மாதிரித் தொங்க, அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து குளிப்பாட்டிவிட்டாள். அறுப்பு தொடங்கியதும் அவளால் வர முடியவில்லை. அதன்பிறகு நான்தான். குளிப்பாட்டுவதைச் சீக்கிரம் பழகிக்கொண்டேன். புடவைதான் படுத்தியது. எவ்வளவு இறுக்கிச் செருகினாலும் அவளை எழுப்பி உட்கார வைப்பதற்குள் அவிழ்ந்துவிடும். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, அவளுடைய பழைய புடவை ஒன்றை எடுத்து என் இடுப்பில் சுற்றி, கொசுவம் வைத்துப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தவள் சிரித்தாள். கோணிய வாயோடு, எச்சில் வழிய, கட்டில் ஆடும்படி சிரித்தாள். விழுந்த பிறகு அவள் முதல்முறை சிரித்தது அன்றுதான்.

ஊர் வைத்தியர் தைலம் கொடுத்திருந்தார். காலையும் மாலையும் தேய்த்து, கையை மடக்கி நீட்டிவிடுவேன். மழைக்காலம் வந்தபோது கால் அசைந்தது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கம்பை ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்தாள். கை வரவில்லை. கடைசி வரை வரவில்லை.

பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. முன்பெல்லாம் என்னை "ஏனுங்க" என்று கூப்பிடுவாள். இப்போது "ஏனு" என்பதோடு நாக்கு நின்றுவிடும். வந்து பார்த்த உறவுக்காரப் பெண்கள் மரியாதை இல்லையென்று முகம் சுளித்தார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. உள்ளே இருந்து "ஏனு!" என்று சத்தம் வந்தால் ஆள் இருக்கிறாள் என்று நிம்மதியாக இருக்கும்.

நடக்கத் தொடங்கியதும் அவள் போன இடம் சமையலறை. நான் வயலுக்குப் போன நேரம் பார்த்து அடுப்பு மூட்டியிருக்கிறாள். திரும்பி வந்தபோது சோறு வெந்திருந்தது. வலது கையின் மேல்தோல் வெந்து கொப்புளித்திருந்தது. கொதிக்கும் பானையில் கை பட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

மருந்து போட்டுக் கட்டிவிட்டு, சமையலறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வெளியே கல் கூட்டி நானே பொங்கினேன். அவள் தட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

"சேலை பத்திக்கிட்டா என்ன பண்ணுவே? நான் வயல்ல கெடப்பேன், யாரு வருவா?" என்றேன்.

அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "கையி... போச்சு. ஊடும்... போகோணுமா?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். கதவைத் திறந்துவிட்டேன். நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் அடுப்பு மூட்டுவது, வலது கையைத் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வது என்று பேசி முடித்தோம். காய் அரிவது, பானை இறக்குவது, கஞ்சி வடிப்பது என் வேலை. தாளிப்பதும் உப்புப் போடுவதும் அவள் வேலை. அதில் நான் கை வைத்தால் கம்பால் தரையைத் தட்டுவாள்.

அடுத்த வருஷம் அவளுடைய அண்ணன் வந்தார். வந்தவரை உட்கார வைத்து இலை போட்டோம். சோற்றுப் பாத்திரத்தை நான் பிடித்துக்கொள்ள, அவள் இடது கையால் கரண்டியை எடுத்துப் பரிமாறினாள். இடது கையால் யாருக்கும் எதையும் கொடுக்காத வீட்டில் பிறந்தவர்கள் அண்ணனும் தங்கையும். அவர் இலையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு பிசைந்து சாப்பிட்டார்.

பாதிச் சாப்பாட்டில், "மாப்ள, சொன்னாக் கோவிச்சுக்காதீங்க" என்று தொடங்கினார். "எத்தன நாளைக்கு நீங்களே ஆக்கித் திங்கறது? எங்க பெரியப்பன் ஊட்டுல ஒரு புள்ள இருக்கறா. கட்டிக்கிட்டீங்கன்னா வாரிசும் ஆச்சு. இவளையும் பாத்துக்குவா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கைமேல் உள்ள பாரத்தில் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாத்துக்க... ஆளிருக்குது" என்று என் பக்கம் மோவாயைக் காட்டினாள்.

அவர் இலையில் சோற்றைக் குவித்து நடுவில் குழி செய்தார். பிறகு, "கொஞ்சம் ரசம் ஊத்து, அம்மிணி" என்றார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அந்தப் போகம் நடவு முடிந்த ஒரு சாயங்காலம், வயலைப் பார்க்க வேண்டும் என்றாள். வரப்பு வழுக்கும் என்றேன், கேட்கவில்லை. இடுப்பைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டாள்.

"இது... சில்லுங்குது" என்று இடது காலைத் தொட்டாள். வலது காலைக் காட்டி, "இதுக்குத் தெரியல" என்றாள். அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நட்ட பயிரைப் பார்த்து, மூலையில் நாற்று நெருக்கமாகிவிட்டது என்று கையைக் காட்டினாள். உண்மைதான். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று அவளை எழுப்பினேன். என் தோளைப் பிடித்து அவள் எழுந்து நிற்க வெகுநேரம் ஆயிற்று.