பிரேக்கில் காற்று எடுக்க ஒரு பாட்டில்

எங்கள் காரின் பிரேக்கை மட்டும் நான் எந்த வொர்க்ஷாப்பிலும் தொட விடமாட்டேன். நாங்கள் குடியிருக்கும் தம்போயில், தெருவுக்கு நாலு வொர்க்ஷாப் இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும். விடியுமுன் இருட்டோடு அந்தக் காரை எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற கெலாங் பாத்தா வரை ஓட்டிப்போய், அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள் என் மனைவி. அவள் மிதிக்கிற பிரேக்கை முன்பின் தெரியாத ஒருவன் பார்ப்பதா?

பிரேக் எண்ணெயை மாற்றினால் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் மிதித்தால் பஞ்சில் கால் வைத்த மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு "அமுக்கு!" என்று கத்துவேன். அவள் மிதிப்பாள். சக்கரத்துக்குப் பின்னால் காற்று விடுவதற்கென்று இருக்கும் நிப்பிளைத் திறந்து, காற்று போனதும் மூடிவிட்டு, "விடு!" என்பேன். மூடுமுன் அவள் காலை எடுத்துவிட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

"காது கேக்கல உனக்கு?" என்று வள்ளென்று விழுவேன்.

"வண்டிக்கடியில படுத்துக்கிட்டு முணுமுணுத்தா எப்படி லா கேக்கும்?" என்பாள் அவள். பதினெட்டு வருடமாக இதே கூத்து.

சமீபத்தில் அவளுக்கு ஓவர்டைம் கூடிவிட்டது. வாரத்தில் ஆறு நாள், அவள் வீடு திரும்புமுன் நான் மோட்டார்சைக்கிளில் ராத்திரி ஷிப்டுக்குப் போயிருப்பேன். அவள் தூங்குவதற்கென்று இருப்பது ஞாயிறு காலை ஒன்றுதான். பிரேக் எண்ணெயோ கறுத்துக் கிடந்தது. எண்ணெயும் மாற வேண்டும், அவள் தூக்கமும் கெடக்கூடாது. மண்டையைக் குடைந்துகொண்டேன்.

மீன் தொட்டிக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டர் வாங்கினேன். காலி மினரல் வாட்டர் பாட்டிலின் மூடியில் இரண்டு ஓட்டை போட்டேன், ஒன்றில் குழாய், மற்றது காற்று போவதற்கு. குழாயின் முனை மூழ்கும்படி பாட்டிலில் கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றினேன். இனி காலை எடுத்தாலும் திரும்ப உள்ளே போவது எண்ணெய்தான், காற்றல்ல. செய்து முடித்ததும் எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஞாயிறு காலை பூனை மாதிரி, கார் நிற்கிற போர்ச்சுக்குப் போனேன். குழாயை மாட்டி, நிப்பிளைத் திறந்து, காருக்குள் ஏறி ஐந்தாறு தடவை மிதித்து, இறங்கி வந்து குமிழி நின்றதா என்று பார்த்து மூடினேன். மூன்று சக்கரம் சத்தமில்லாமல் முடிந்தது. நாலாவதில் நிப்பிளைத் திறந்தவன், படுத்த வாக்கிலேயே கத்தினேன்.

"அமுக்கு!"

பழக்க தோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் எழுவதற்குள் வீட்டுக் கதவும் கார் கதவும் திறந்தன, குழாயில் குமிழிகள் ஓடின. எட்டிப் பார்த்தால் தலை கலைந்து, நைட்டியோடு, பாதிக் கண்ணை மூடியபடி அவள் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போய்த் தூங்கும்மா. இனிமே ஆளே வேணாம், பாரு!" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். பாராட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

"என்னைக் கூப்பிடக்கூடாதுன்னா இதைச் செஞ்சீங்க?"

"நீ தூங்கணும்னுதான்."

"தூக்கத்தை நான் பஸ்ஸுல தூங்கிக்குவேன். நான் வர்றப்ப நீங்க இருக்கறதில்ல, நான் கிளம்புறப்ப நீங்க வந்திருக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானமானா கோயில், கல்யாணம், சொந்தக்காரங்க. நீங்களும் நானும் மட்டும் இருக்கறது இந்த ஒரு மணி நேரம்தாங்க. திட்டுனாலும் என்னைத்தானே திட்டுறீங்க?"

பதினெட்டு வருடம் அவள் சலிக்காமல் வந்து உட்கார்ந்தது பிரேக்குக்காக என்றல்லவா நினைத்திருந்தேன். பாட்டிலைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அந்த மூணு சக்கரத்துலயும் இன்னும் காத்து இருக்கு," என்றேன்.

பொய் என்று அவளுக்குத் தெரியும். பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.