இடது கன்னத்துக் கருப்பட்டி

தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில் திருநெல்வேலி ரோட்டில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் பால்துரையைத் தெரியாதவர்களுக்குக்கூட அவருடைய இடது கன்னத்தைத் தெரியும். எப்போதும் உப்பியிருக்கும். உடன்குடியிலிருந்து எந்தச் சரக்கு வந்தாலும் ஒரு துண்டை உடைத்து இடது கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார். சீனி கலந்தது சட்டென்று கரைந்து ஓடிவிடும், நல்லது நின்று கரையும் என்பார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் சரக்கு பார்க்கிறார். நான் அவர் பெண்டாட்டி முருகேஸ்வரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வருஷத்தில் ஆறு நாள் மட்டும் அந்தக் கன்னத்துக்கு லீவு. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் முருகனுக்கு விரதம் இருப்பார். சாயங்காலம் பாலும் பழமும், மற்ற நேரமெல்லாம் பச்சைத் தண்ணீர்தான். அந்த ஆறு நாளும் சரக்கை ருசி பார்ப்பது என் வேலை.

போன வருஷம் சஷ்டியின் மூன்றாம் நாள் காலையில் கடைக்குப் போனேன். மனுஷன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், இடது கன்னம் உப்பியிருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏங்க, வெக்கமா இல்லியா? விரதம்னு சொல்லிட்டு வாயில என்னத்த ஒதுக்கி வச்சிருக்கிய?"

"ஏளா, ஒண்ணும் இல்ல."

"பொய் வேற சொல்லுதியளா? தொறங்க வாயை!"

திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. கன்னம் மட்டும் அப்படியே இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், தாடை எலும்போடு சேர்ந்து கெட்டியாக இருந்தது.

"வலிக்கா?"

"வலியே இல்ல. கருப்பட்டி வச்சு வச்சு கன்னம் இப்படியே நின்னுட்டு போலன்னு நெனச்சேன். ஒரு வருஷமா இருக்கும்."

ஒரு வருஷம்! தினமும் எதிரே உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறேன். கருப்பட்டி, கருப்பட்டி என்றே நினைத்திருக்கிறேன். ஊர்க்காரர்களின் குறையெல்லாம் தெரிகிற கண்ணுக்குக் கட்டின புருஷன் முகம் தெரியவில்லை.

மறுநாளே தூத்துக்குடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பல் டாக்டர் ஜெப்ஸி, என் தங்கை வயதுதான் இருக்கும், தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இடது பக்க எலும்பில் சோப்பு நுரை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"அக்கா, பல்லு உருவாகும்போது மிஞ்சின திசு கொஞ்சம் தாடைக்குள்ளேயே கெடக்கும். எப்பவாவது யாருக்காவது அது கட்டியா வளரும். வலி இல்லாம எலும்பை அரிச்சிக்கிட்டே போகும்."

"புத்துநோயா?"

"பெரும்பாலும் இருக்காது. ஆனா துண்டு எடுத்துப் பரிசோதிக்காம நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"இது நிறையப் பேருக்கு வாரதுதானா?"

"நான் சந்தேகப்படுத கட்டி ரொம்ப அபூர்வம்க்கா. பத்து லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்கு வந்தாலே பெருசு."

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம மாவட்டத்துக்கே மொத்தம் ரெண்டு பேருதான் தேறும். அதுல ஒருத்தர் எங்க வீட்லயா இருக்கணும்?" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

துண்டு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் கடைக்கு வந்தவர்களின் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லார் தாடையும் ஒழுங்காக இருந்தது. எரிச்சலாக வந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்காமல் அவர் கையில் தள்ளுவேன். அவரோ, "கெடக்கு விடு" என்று சரக்கு உடைத்துக்கொண்டிருந்தார். ராஸ்கல் மனுஷன், ஒரே அடுக்கை மூன்று தடவை கலைத்துக் கலைத்து அடுக்கியதை நான் பார்த்தேன்.

புற்றுநோய் இல்லை. ஜெப்ஸி சந்தேகப்பட்ட கட்டியேதான். ஆனால் சுரண்டி எடுத்தால் திரும்ப வரும், எலும்போடு வெட்டத்தான் வேண்டும் என்றார்கள். மதுரையில் எட்டு மணி நேரம் ஆப்ரேஷன். தாடையில் நாலு விரல்கடை வெட்டி எடுத்துவிட்டுக் கால் எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். கீழுதட்டின் இடது பாதி மரத்தே போய்விட்டது, காபி வழிந்தாலும் தெரியாது. ஊர் திரும்பித் தூத்துக்குடியில் காட்டியபோது, "வருஷா வருஷம் காட்டணும். எங்கன வீங்கினாலும் உடனே வாங்க" என்றாள் ஜெப்ஸி. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது?

இடது கன்னம் ஒட்டிப் போனது. ருசி பார்ப்பதை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இந்த வருஷமும் சஷ்டி வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் விரதம் இருந்தார். நாலாம் நாள் கடைக்குப் போனேன். வலது கன்னம் உப்பியிருந்தது.

கருப்பட்டி வாங்க வந்த ஆள் முன்னாலேயே அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"வாயத் தொறங்க."

"ஏளா, ஆளு நிக்கு..."

"தொறங்கங்கேன்லா!"

திறந்தார். கடைவாயில் கறுப்பாக ஒரு துண்டு. விரலை விட்டுத் தொட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது.

"உடன்குடிச் சரக்கு இப்பத்தான் வந்துச்சு. நெனப்பு இல்லாம வச்சிட்டேன், திட்டாதளா" என்றார்.

நான் எங்கே திட்டினேன்? கருப்பட்டி ஒட்டின விரலோடு அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.