இரண்டு தடவை பார்ப்பவர்

என் அக்காவைக் கட்டிய மாமா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். இருபத்தெட்டு வருடமாக ஒரே வேலை. சுருள் ஏணி மாதிரி முறுக்கிக்கொண்ட மூலக்கூறுகளின் படிகத்தில் மெல்லிய ஒயர்களை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்து, மின்சாரம் எப்படி ஓடுகிறதென்று பார்ப்பார்.

"சூடு இருக்கிறவரைக்கும் படியெல்லாம் சம தூரத்துல இருக்கும் மச்சான். குளிர்ந்தா எலக்ட்ரானுக்கு இருப்பு கொள்ளாது. சட்டுனு படிங்க ரெண்டு ரெண்டா நெருங்கிக்கும், மின்சாரம் படுத்துடும்" என்பார். அதற்குள் தட்டில் சோறு ஆறிப்போயிருக்கும். "இவருக்கு ஒரு ஐஸ் பெட்டியைக் கட்டி வெச்சிருக்கலாம்" என்பாள் அக்கா.

மின்சாரத்தின் அளவைக் காட்டும் திரையில் கோடு திடீரென்று விழுந்தாலும் மாமா நம்பமாட்டார். குளிரில் ஒயர் கழன்றாலும் கோடு அப்படித்தான் விழுமாம். அதனால் மறுபடி சூடாக்கி, மறுபடி குளிர வைப்பார். அதே இடத்தில் விழுந்தால்தான் நோட்டில் எழுதுவார். அளவு கெட்டுவிடும் என்று போனை வெளியே இழுப்பறையில் போட்டுவிடுவார்.

இதயம் பலவீனமாகி அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த நான்காம் நாள், "மதியம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கே கோடு விழுந்துவிட்டது என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. மாதக்கணக்கில் காத்திருந்த கோடு. அப்போதே கிளம்பியிருக்கலாம். அந்த மனுஷன் மறுபடி சூடாக்கினார்.

ஒரு மணிக்கு அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பதினொரு தடவை போன் செய்தேன். "சரிபார்த்துட்டு இருப்பாரு, விடுடா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நாலு மணிக்குப் போய்விட்டாள்.

உயிர் போனதை உறுதி செய்ய நர்ஸ் ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தபோது மாமா உள்ளே வந்தார். தாளில் நேர்கோடு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்று வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவின் மணிக்கட்டில் இருந்த கிளிப்பை அழுத்திப் பார்த்தார்.

"ஒயர் கழண்டிருக்கும் சிஸ்டர். இன்னொரு தடவை எடுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். எல்லாக் கிளிப்பையும் கழற்றி, ஜெல் தடவி, பொறுமையாக மறுபடி மாட்டினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அந்தத் தாளையே ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் நேர்கோடுதான். மாமா தாளை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஓரத்தில் நேரத்தை எழுதினார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.