வட்டிலப்ப வீடியோவில் ஒரு பாங்கு

சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தே வட்டிலப்பம் செய்து விற்கிற பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முக்கால்வாசிப் பேரும் விளம்பரத்துக்கு ஒரே படத்தைத்தான் போட்டிருந்தோம். இணையத்திலிருந்து இறக்கிய படம். வெள்ளைப் பீங்கானில் பளபளவென்று ஒரு வட்டிலப்பம், மேலே வரிசை பிசகாமல் கஜுப் பருப்பு, பக்கத்தில் எதற்கென்றே தெரியாமல் ஒரு ரோசாப்பூ. கீழே எழுத்தும் ஒன்றேதான்: “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, உங்கள் நாவின் சுவைக்கு.” நான் என் வாழ்க்கையில் யாரையும் அன்பார்ந்த வாடிக்கையாளரே என்று கூப்பிட்டதில்லை.

நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மருதமுனையிலிருந்து வந்த ஒரு பெண் வட்டிலப்பக் கப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “ராத்தா, இது படத்தில இரிக்கிற மாதிரி இல்லையே” என்றாள். சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். சாப்பிட்டாள். “ருசி நல்லம். படந்தான் வேற” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கருப்பட்டி சீவி, தேங்காய்ப்பால் பிழிந்து, முட்டை அடித்து நான் அவிக்கிற பொருளுக்கு எவளோ ஒருத்தியின் படம் எதற்கு? இனி என் பொருளுக்கு என் படம், என் எழுத்து என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால்தான் வேலை நடக்கும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எழுத்து சுலபமாக வந்தது. “நோன்பு திறந்த களைப்பில அடுப்படிக்குப் போகாதீங்க. நாங்க அவிச்சி வெச்சிரிக்கம்” என்று நாம் கதைக்கிற மாதிரியே எழுதினேன். வீடியோதான் பாடாய்ப் படுத்தியது. முகம் காட்ட மாட்டேன். குரல் கொடுக்க மாட்டேன். நோன்பு மாதத்தில் பாட்டும் போட மாட்டேன். இந்தச் சட்டங்களைக் கணவர் போடவில்லை, எல்லாம் நானே போட்டவை. மிச்சமிருந்தது என் கைகளும் ஒரு சட்டியும்தான். எடுத்து முடித்துக் காட்டினால் கணவர், “என்ன இது, மையத்து எடுத்த வீடு மாதிரி சத்தமில்லாம இரிக்கி” என்றார். அன்று அவருக்குக் கஞ்சியில் இறைச்சி குறைவாகத்தான் விழுந்தது.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு நாள் மாலை, வீட்டில் எல்லோரும் நோன்பு திறக்க ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் ஒரேயொரு தடவை என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விளிம்பைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, சட்டியைக் கவிழ்த்து, வட்டிலப்பம் உடையாமல் தட்டில் வந்து உட்காரவும் பின்பக்கப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு தொடங்கவும் சரியாக இருந்தது. சொல்லி வைத்து எடுத்தாலும் அப்படி வராது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நோன்பு திறந்த பிறகு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை பொரிக்கிற வேலைக்கு முன் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பாங்குச் சத்தம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனில் கேட்டால் கொசு ரீங்கரிப்பது போல இருந்தது. கணவரின் சின்ன ஸ்பீக்கரில் தொடுத்து, அடுப்படி ஜன்னலில் வைத்து, முழுச் சத்தத்தில் ஒரு தடவை போட்டேன். ஆரம்ப தக்பீர், ‘அல்லாஹு அக்பர்’, கணீரென்று வந்தது. போதும் என்று நிறுத்திவிட்டு சமோசா பொரிக்கப் போனேன். அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்பாளியின் மூளை எவ்வளவு வேலை செய்யும் என்பது நோன்பு பிடிப்பவர்களுக்குத் தெரியும்.

அன்று இரவு கணவருக்குக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இரிக்கி. ஆனா இதப் பகல்ல கேட்டு ஆராவது நோன்பத் திறந்திட்டா?” என்றார். ஐயோ, அது எனக்குத் தோன்றவேயில்லை. உடனே பாங்கை எடுத்துவிட்டு, முட்டை அடிக்கிற சத்தத்தைப் பொருத்தினேன். அந்த டக் டக் சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பெரிய பிழையிலிருந்து தப்பினோம் என்ற நிம்மதியோடு வீடியோவை விட்டேன். ஆட்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். “இது உங்கட கைதானே” என்று பழைய பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி எழுதியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு மாமியிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அவர் எனக்குச் சொந்தமில்லை, ஆனால் ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீடும் அவரை மாமி என்றுதான் கூப்பிடும். மகளோடு இருக்கிறார். அவருடைய அறை ஜன்னலும் என் அடுப்படி ஜன்னலும் நேருக்கு நேர். நான் என்ன செய்தாலும் அங்கிருந்து ஒரு குறை வந்தாக வேண்டும். ஏலம் கூடிவிட்டது என்பார், பால் தண்ணீர் என்பார். சில நாட்களாக அந்த ஜன்னல் திறந்திருந்தும் ஆள் வாய் திறக்கவில்லை. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு ஒரு நாள் மாமியின் மகள் வாசல் கேட்டடியில் என்னைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள்.

“உம்மாக்கு ஒரு மாதிரியா இரிக்கி ராத்தா. அண்டைக்கு நான் பின்பக்கம் நிக்கிறன், பாங்கு சொல்லிட்டாங்க எண்டு தண்ணியும் குடிச்சி ஈத்தம்பழமும் திண்டுட்டா. பாங்குக்கு இன்னும் எவ்வளவோ நேரமிரிக்கி. கேட்டா, என்ட காதால கேட்ட எண்டு நிக்கிறா. மறுகா பள்ளியில பாங்கு சொன்ன உடன அப்படியே இருந்து அழுதிட்டா.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மாமியின் உம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டவராம். அவருக்கும் தொடக்கம் இப்படித்தானாம், இல்லாத சத்தம் கேட்டதாம். அதனால் மாமியை இப்போது அடுப்புப் பக்கம் விடுவதில்லை. சாவிக்கொத்தையும் வாங்கி வைத்தாகிவிட்டது. பெருநாள் கழிந்ததும் மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டப் போகிறார்கள். “இப்ப உண்மையான பாங்கு சொன்னாலும் உம்மா நோன்பு திறக்கிற இல்ல. நான் போய்ச் சொல்லணும்” என்றாள்.

ஜன்னலில் வைத்த ஸ்பீக்கர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நேரே மாமியின் அறைக்குப் போனேன். இனி இந்த ஒழுங்கையில் நான் தலைகாட்ட முடியாது, மாமியின் வாய் என்னைச் சும்மா விடாது என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் அந்தப் பயமெல்லாம் எங்கே போனதோ.

“மாமி, அந்தப் பாங்கு நான் போட்டது” என்றேன். வீடியோ, ஸ்பீக்கர், ஜன்னல் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

மாமி என்னையே பார்த்தார். “திருப்பிச் சொல்லு புள்ள.”

திருப்பிச் சொன்னேன்.

“என்ட அல்லாஹ்வே!” என்று கத்தினாரே ஒரு கத்து, மகள் கரண்டியோடு ஓடி வந்தாள். அவளுக்கு முன்னால் இன்னொரு தடவை சொல்ல வைத்தார். கட்டாரில் இருக்கிற மகனுக்கு அழைப்பு எடுத்து, அவனுக்கும் சொல்ல வைத்தார். என் பிழையை இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை. பிறகு அந்தச் சத்தத்தைப் போடச் சொன்னார். போனில் மெதுவாகப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இதான். இதேதான்” என்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“உங்கட நோன்பு போச்சே மாமி” என்று நானும் அழுதேன்.

“அது ஒரு நோன்புதானே, பெருநாளைக்குப் பொறகு புடிச்சிக் களாச் செஞ்சிக்கிறன். மண்ட போனா எங்க போய்க் களாச் செய்யிற?” என்றவர் மகள் பக்கம் திரும்பி, “எடு கா சாவிய” என்றார்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு இவ்வளவு இலேசாக நான் வீடு திரும்பியதேயில்லை. கணவர் பள்ளியில் மௌலவியிடம் விசாரித்து வந்தார். நேரமாகிவிட்டது என்று நம்பித் திறந்தவருக்குக் குற்றமில்லை, அந்த நோன்பை மட்டும் பிறகு பிடித்தால் போதும் என்றாராம். மாமி சொன்னதேதான்.

அன்று மாலை நோன்பு திறக்கிற நேரம் நான் அடுப்படி ஜன்னலில் நின்று எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் பாங்கு தொடங்கியது. வழக்கம்போல மகள் சொல்வதற்காகப் பின்பக்கத்திலிருந்து வேகமாக வந்தாள். அவள் வாசலைத் தாண்டி வருவதற்குள் மாமி ஈத்தம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்.