மேஸ்திரிக்குத் துணை

என் சித்தி ஆல்ட்டரேஷன் தையல்காரி. புதுத்துணி தைக்க மாட்டாள். யாரோ தைத்ததைப் பிரித்து, இளைத்தவர்களுக்குப் பிடித்தும் பெருத்தவர்களுக்கு விட்டும் கொடுப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "என் அளவுக்கு யாரும் வரலை. வந்தவங்களும் ஆல்ட்டர் பண்ற மாதிரி இல்லை" என்பாள். மாடியில் ஒற்றை அறை, ஜன்னலோரம் மெஷின், அதற்குப் பக்கத்தில் கதவு திறந்தே கிடக்கும் ஒரு கூண்டு. கூண்டில் மேஸ்திரி.

மேஸ்திரி ஒரு பச்சைக்கிளி. ஒரு வேலையும் செய்யாமல் ஊரையே ஏவிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். அளவு கொடுக்க வருபவர்களை, சித்தியின் குரலிலேயே "மூச்ச இழுக்காத, சும்மா நில்லு" என்று அதட்டும். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் பெரிய மனிதர்கள் அசடு வழிவார்கள். ஆனால் சித்தி காத்திருப்பது வேறொரு பேச்சுக்கு. சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் அது, "போதும், எந்திரி" என்று சொல்லும். முதுகுவலி வந்த புதிதில் சித்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அது. கிளி சொல்ல ஆரம்பித்ததும் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். கிளி சொன்னால்தான் மெஷினை மூடி எழுந்திருப்பாள். அவளிடம் அப்படிச் சொல்ல அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

அப்படிப்பட்ட மேஸ்திரி ஒருநாள் தன் மார்பு இறகுகளைப் பிடுங்க ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் நெஞ்சு வெறும் தோலாகிவிட்டது. நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன்; உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு களிம்பு இருக்கிறது என்று நம்புகிறவன். கொண்டுபோன களிம்பைத் தடவுவதற்குள் என் விரலைக் கடித்துவிட்டது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "தோல்ல ஒண்ணும் இல்லம்மா. தனியா இருக்கு. ஒரு ஜோடி வாங்கி விடுங்க" என்றார். பறவைக் கடைக்காரரோ நேர்மையான மனிதர், வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"ஜோடி வந்துட்டா அதுங்களுக்குள்ளேயே பேசிக்கும்மா. உங்ககிட்ட பேசறது நின்னுபோயிடும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

சித்தி வெறுங்கையோடு திரும்பி வந்தாள். இரண்டு நாள் என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், ஒரு தையல்காரி மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தாள். மேஸ்திரிக்கு டேப் வைத்து அளவெடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் கையில்லாத சட்டை ஒன்று தைத்துப் போட்டுவிட்டாள். சட்டை இருந்தால் பிடுங்க முடியாதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சட்டை என்னவோ கச்சிதமாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் நான் போனபோது சித்தி வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். சத்தம் போடாதே என்று கையால் காட்டினாள். எட்டிப் பார்த்தேன்.

மேஸ்திரி எப்படியோ சட்டையைக் கழற்றி, ஒரு காலால் மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அலகு நுனியால் ஒரு தையலை அறுத்தது. அடுத்ததை விட்டுவிட்டது. அதற்கடுத்ததை அறுத்தது. ஓரம் வரை அப்படியே போய், சட்டையைத் திருப்பிப் போட்டு, நூலை ஒரே இழுப்பாக இழுத்தது. துணியில் ஒரு கீறல் இல்லை. பிறகு அந்த நூலைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய், சித்தி நறுக்கு நூல் போடும் தகர டப்பாவுக்குள் போட்டது. சித்தி முப்பது வருஷமாகப் பிரிப்பது இப்படித்தான். கைகூப்பத் தோன்றியது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் தோன்றியது.

சித்தி போய் டப்பாவைக் கவிழ்த்தாள். சிவப்பும் நீலமுமாக நூல்கள். அவற்றுக்கு அடியில், அதனுடைய பச்சை இறகுகள், அத்தனையும்.

"அது பிடுங்கலடா. பிரிச்சிருக்கு" என்றாள் மெதுவாக. "குஞ்சா வந்ததுலேர்ந்து என் ஒருத்தியைத்தான் பாக்குது. நான் செய்யறதைத்தானே செய்யும். கிளின்னா எப்படி இருக்கணும்னு அதுக்குக் காட்ட இன்னொரு கிளி வேணும்."

"உன்கிட்ட பேசாமப் போயிடுமே சித்தி."

"போகட்டும்" என்றாள்.

புதிதாக வந்தது, வாயே திறக்காத ஒரு பெண்கிளி. இரண்டு வாரம் தனிக்கூண்டில் வைத்திருந்து பிறகு ஒன்றாக விட்டோம். கடைக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. மேஸ்திரி கீச்கீச்சென்று கிளி பாஷை பேசியது, புதியவளின் தலையைக் கோதிக் கொடுத்தது. நெஞ்சில் பச்சை துளிர்த்தது. மனுஷப் பேச்சு மட்டும் அடியோடு நின்றுபோனது. பெரிய மனிதர்கள் தைரியமாகத் தொப்பையை உள்ளே இழுத்தார்கள். சாயங்காலம் வெளிச்சம் மங்கினாலும் சித்தி குனிந்தபடியே தைத்துக்கொண்டிருப்பாள். எழுந்திருக்க மறந்துவிட்டாளா, இன்னும் காத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகுவலி திரும்ப வந்தது. இந்த முறை என் களிம்புக்கு வேலை இருந்தது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நாற்பது நாள் போயிருக்கும். என் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"போதும், எந்திரி."

சித்தியின் கால் பெடலில் அப்படியே நின்றது. இருவரும் திரும்பினோம். மேஸ்திரி எங்களைப் பார்க்கவே இல்லை. புதிய கிளி மேஜையில் கிடந்த ஒரு சட்டைக் கையின் நூலைப் பிடித்து விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதன் கழுத்தை அலகால் தொட்டு, சித்தியின் குரலில், சித்தியைவிட மென்மையாக, மறுபடி அதையே சொன்னது. புதியவள் நூலை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே கூண்டுக்குள் ஏறினாள். மேஸ்திரி இத்தனை நாளும் அந்தப் பேச்சை மறக்காமல் வைத்திருந்து, தேவைப்பட்ட உயிருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது.

என் வாய் சும்மா இருக்காதே. "உனக்குச் சொல்லலை சித்தி" என்றேன்.

"தெரியும்" என்றாள். மெஷினை மூடிவிட்டு எழுந்தாள்.